புதுப்பிப்பு: மோரிஸ் மைனர் இப்போது நிற்பதில்லை

போன மாதம் எழுதியிருந்தேனே, மாமா விட்டுப்போன பழைய பிரிட்டிஷ் கார், 1967 மோரிஸ் மைனர், 1098 சிசி, ஸ்டார்ட் ஆகும், ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடும் என்று? கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தருவது) மாற்றச் சொல்லித்தான் பாதிப்பேர் எழுதினீர்கள், பட்டர்வொர்த்தில் (மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை) ஒரு பட்டறையிலும் அதையே சொன்னார்கள், நானும் காசை எடுத்து வைத்துவிட்டேன்.

கார்புரேட்டர் இல்லை. டேங்கிலிருந்து அதற்குப் பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப்.

இதில் எஸ்.யூ. என்ற கம்பெனியின் மின்சார பம்ப் பானட்டுக்குள்ளேயே இருக்கிறது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் நிற்கும், வண்டி ஓடும்போது விட்டு விட்டு அடிக்கும். என் மகள் (படிவம் நான்கு, அதாவது பதினாறு வயது வகுப்பு, கணக்கைத் தவிர எல்லாவற்றுக்கும் பொறுமை உண்டு) "ப்பா, அணையறதுக்கு முன்னாடியே அந்தச் சத்தம் நின்னுடுது" என்றாள். நான் நம்பவில்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் பம்பை லேசாகத் தட்டினாள், மறுபடி அடித்தது! மூடியைக் கழற்றினால் பாயிண்ட் இரண்டும், அதாவது பம்புக்கு மின்சாரத்தை விட்டு விட்டுச் சேர்க்கும் தொடுமுனைகள், கரிபிடித்துக் கிடக்கின்றன. நைஸ் உப்புத்தாளால் தேய்த்தோம், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு கூத்து. பேட்டரி மாட்டும்போது வழக்கம்போல மைனஸை பாடியோடு சேர்க்கப் போனேன். இது பாசிட்டிவ் எர்த் வண்டி, பிளஸ்தான் பாடிக்குப் போக வேண்டும். அவள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

தரைத்தகட்டுத் துரு அப்படியே இருக்கிறது. சாலை வரி கட்டியதும் பினாங்குப் பாலத்தில் போகலாம் என்கிறாள். கடலுக்கு மேலேயே 8.4 கிலோமீட்டர், காலடியில் ஓட்டையோடு. முதலில் வெல்டிங் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.