மறு: பூட்டே இல்லாததற்குப் பூட்டு என்று பெயரா?

> ‘ஆப்டிமிஸ்டிக் லாக்கிங்’ என்பதை ‘நன்னம்பிக்கைப் பூட்டு’ எனலாம். எதிரிணை ‘அவநம்பிக்கைப் பூட்டு’.

ஐயா, வணக்கம்.

ஒரே தரவுப் பதிவைப் பலர் திருத்தும்போது ஒருவர் திருத்தம் இன்னொருவருடையதை அழிக்காமல் காக்கும் இரண்டு முறைகளுக்கு நீங்கள் தந்த பெயர்கள் சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் முதலாவதில் பூட்டே கிடையாதே! நான் பட்ட பாட்டைச் சொன்னால் என் தயக்கம் விளங்கும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பசுந்தேயிலைக் கொள்முதல் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். சிறு விவசாயி ஒருவரின் பதிவை எடைபோடுபவர் காலையில் கைபேசியில் திறந்தார். பள்ளத்தில் இறங்கியதும் சிக்னல் போயிற்று. இதற்கிடையில் அலுவலகத்தில் கணக்கர் அதே பதிவில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றினார். மாலையில் மேட்டுக்கு வந்ததும் கைபேசி அன்றைய 62 கிலோவைச் சேமித்தது. கூடவே, காலையில் எடுத்துவைத்திருந்த பழைய கணக்கு எண்ணையும். பதிவில் மாறிய புலத்தை, அதாவது அந்த ஒரு கட்டத்தை மட்டும் எழுதாமல் முழுப் பதிவையும் திருப்பி எழுதவிட்டது என் தவறு. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. மாதக் கடைசியில் பணம் மூடிய கணக்குக்குப் போய்த் திரும்பியபோதுதான் தெரிந்தது.

ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் அப்டேட்’ எனப்படும் இதைத் ‘தொலைந்த இற்றைப்படுத்தல்’ என்று எழுதுகிறார்கள். கணக்கரின் திருத்தம் எங்கும் தொலையவில்லை. இன்னொரு திருத்தம் அதை விழுங்கிவிட்டது. ‘விழுங்கப்பட்ட திருத்தம்’ என்றே எழுதுவேன்.

முதலில் திறந்தவர் பதிவைப் பூட்டிவைத்தால் இது நேராது. ஆனால் பூட்டியவர் பள்ளத்தில் சிக்னல் இல்லாமல் நிற்கிறார், சாவியும் அவரிடம். மாலைவரை கணக்கர் கைகட்டி உட்கார வேண்டியதுதான். இந்த முறைக்கு ‘முன்பூட்டு’ போதும். அவநம்பிக்கையை ஏன் இழுக்க வேண்டும்?

மற்ற முறையில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. பதிவோடு ஒரு பதிப்பு எண் இருக்கும். ‘எண் இன்னும் 7 ஆக இருந்தால் மட்டும் எழுது, எழுதும்போதே 8 ஆக்கு’ என்று தரவுத்தளத்திடம் சொல்கிறோம். வேறொருவர் முந்திக்கொண்டிருந்தால் மாறிய பதிவுகள் பூச்சியம் என்று விடை வரும். கணினி ஆய்வாளர்கள் குங், ராபின்சன் இருவரும் 1981-இல் ஒரு கட்டுரையில் இந்த வழியை விவரித்தபோது, மோதல் அரிது என்ற எதிர்பார்ப்பை வைத்துப் பெயரிட்டார்கள். நமக்கு வேண்டியது எதிர்பார்ப்பு அன்று, செயல். ஆகவே ‘பின்சோதனை’. முன்பூட்டு, பின்சோதனை: இணையாகவும் நிற்கிறது.

— கோத்தகிரியிலிருந்து

> முன்பூட்டை ஏற்கிறேன். பின்சோதனை என்றால் எழுதி முடித்த பிறகு சோதிப்பது என்றல்லவா மாணவர் படிப்பார்? அப்போது விழுங்கல் நடந்து முடிந்திருக்குமே.
> — கொடைக்கானலிலிருந்து

ஐயா, மாட்டிக்கொண்டேன். அந்த 1981 கட்டுரையிலேயே வாசிப்பு, சோதனை, எழுத்து என்பதுதான் வரிசை. இணையழகுக்கு ஆசைப்பட்டு வரிசையைக் கோட்டைவிட்டேன்.

2024 மே 7 முதல் உங்கள் மலைக்கும் எங்கள் மலைக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. சமவெளி முழுக்க யாரும் மறிப்பதில்லை. நுழையும் இடத்துச் சாவடியில்தான் எண்ணைப் பார்க்கிறார்கள். பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்தம். நம் பதிப்பு எண்ணும் அப்படித்தான். ‘வாயிற்சோதனை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

சாவடியில் நிறுத்தப்படும் அந்த நிலைக்கு ‘முரண்’ வேண்டாம். தரவுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருப்பதற்கு அது தேவைப்படும். ஒரே பதிவில் இரண்டு கைகள் என்பதால் ‘கைகலப்பு’தான் அச்சு அசலாகப் பொருந்துகிறது, ஆனால் திரையில் ‘கைகலப்பு நேர்ந்தது’ என்று வந்தால் எடைபோடுபவர் காவல் நிலையத்துக்குப் போன் செய்துவிடுவார். ‘மோதல்’ இருக்கட்டும். திரையில் அதுவும் வேண்டாம். ‘நீங்கள் திறந்த பிறகு இப்பதிவு மாறியிருக்கிறது’ என்று சொல்லி, இரண்டு கணக்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் அவரே தேர்ந்துகொள்வார்.

பட்டுவாடா நாளில் ஒரே இருப்புத்தொகையைப் பலர் தொடும் இடத்தில் மட்டும் முன்பூட்டையே வைத்திருக்கிறேன். அங்கே வாயிற்சோதனை வைத்தால் பாதிப் பேர் சாவடியிலிருந்து திரும்பித் திரும்பி வருவார்கள்.