"டிவி யோசிச்சு யோசிச்சு சுடுது": கேம் ஆட ஸ்கிரீன் வாங்கிப் பட்ட கதைகள்

மண்டபம் மாப்ள

சுருக்கமா சொல்லிடுறேன். ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு போட்ட பிசி வீட்ல இருக்கு. பழைய 19 இன்ச் மானிட்டர் கண்ண மூடிருச்சு. அம்மாவுக்கு சீரியல், எனக்கு கேம், ரெண்டுக்கும் ஒண்ணே போதும்னு ராம்நாடு போயி 43 இன்ச் 4கே டிவி எடுத்தேன். அட்டைப்பெட்டியில பெருசா 120ன்னு போட்டிருந்துச்சு. அது பேனலோட ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு எத்தன தடவ படம் மாறுதுங்கிற கணக்கு) இல்ல, விக்கிறதுக்கு வச்ச நம்பரு, உள்ள இருக்கிறது 60தான்னு உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு அன்னைக்குத் தெரியல.

மாட்டி முடிச்சு மொத ஆட்டத்த தம்பிகிட்ட குடுத்தேன். ஏழாவது படிச்சான் அப்ப. அஞ்சு நிமிஷம் ஆடிட்டு மவுஸ கீழ வச்சான். "அண்ணே, இந்த டிவி யோசிச்சு யோசிச்சு சுடுதுண்ணே."

அம்மா சிரிச்சுச்சு. நான் சிரிக்கல. மீன் கம்பெனியில 8 மாசம் கணக்கெழுதிச் சேத்த காசு அது.

ரெண்டு வாரங்கழிச்சு மெனுவத் தோண்டி கேம் மோட் போட்டேன், பாதி சரியாச்சு. வேலரண்ட்னு ஒரு துப்பாக்கி கேம்ல கார்டு செகண்டுக்கு 150 ஃபிரேம் (படம்) தள்ளுது, டிவி 60தான் காட்டும். கடைக்காரர் மேலயும் குத்தம் சொல்ல முடியல. "கேம் ஆடலாமாண்ணே"ன்னு நாந்தான் கேட்டேன். "தாராளமா ஆடலாம் தம்பி"ன்னார். ஆடலாந்தான்.

கீழக்கரை காக்கா

மண்டபத்துத் தம்பி வீட்டு டிவி யோசிக்குது. எங்க வீட்டு டிவி நியூஸ் வாசிக்குது.

மச்சான் துபாயிலேர்ந்து கொண்டாந்த 55 இன்ச் ஓஎல்இடி, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுற பேனல். (டிவிக்கு தீர்வை கிடையாதுன்னு இன்னும் நம்புற ஆளுக நம்ம ஊர்ல இருக்காங்க. அந்தச் சலுகைய 2013 ஆகஸ்ட்லயே எடுத்தாச்சு. மச்சான் மதுரை ஏர்போர்ட்ல கட்டின காசையும் கூட்டினா மதுரையிலயே வாங்கியிருக்கலாம்.) பிஎஸ்5 கேம் பெட்டிய மாட்டினோம். பின்னாடி நாலு எச்டிஎம்ஐ ஓட்டை, அதுல ரெண்டுதான் 2.1, 4கே 120 அந்த ரெண்டுலதான் வரும். 4கே 120 ஏன் வரலன்னு ஒரு ராத்திரி பூரா மண்டைய ஒடச்சோம். வந்த பிறகு ஆகா. கறுப்புன்னா அமாவாசைக் கடல் மாதிரி கறுப்பு.

ஆனா பகல்ல டிவி வாப்பாவோடது. சுபுஹு தொழுதுட்டு வந்து போட்டா இஷா வரைக்கும் ஒரே நியூஸ் சேனல். கீழ செவப்புப் பட்டை, மூலையில முத்திரை.

ஒண்ணே கால் வருஷம் இருக்கும். ஒரு கேம்ல பாலைவனத்துல குதிரையில போறேன். திரை பூரா மணலு. அந்த மணலுக்குள்ள கீழ மங்கலா ஒரு பட்டை, குதிரை நகந்தாலும் நகரல. மூலையில முத்திரை. உம்மா பின்னாடி நின்னு பாத்துட்டு, "வாப்பாவோட நியூஸ இன்னும் அமத்தலையா?"ன்னாங்க.

ஒரே பட்டை நின்னு நின்னு பேனல் தேஞ்சிருச்சு, வாரண்டியில வராதுன்னுட்டாங்க. வாப்பாகிட்ட இன்னிக்கு வரை சொல்லல. அதே சேனல்தான் ஓடுது.

தொண்டிப் பழையவன்

மண்டபம் தம்பி, கோவப்படாத, தப்பு டிவி மேல இல்ல, உம்மேல. கேம்னா மானிட்டர்தான். டிவிய கூடத்துல தொங்க விட்டுட்டுப் போகணும்.

என் கதை சின்னது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி 11 மாசம் 60லயே ஓட்டியிருக்கேன். லீவுக்கு வந்த அக்கா மகன் விண்டோஸ் செட்டிங்ஸ்ல ரெண்டு தட்டு தட்டினான், மவுஸ் அம்பு வழுக்கிக்கிட்டு ஓடுது. "இத்தன நாளு எப்புடி மாமா ஓட்டுனீங்க?" கூடத்துல அத்தன பேரு முன்னாடி.

சரி, விஷயத்துக்கு வருவோம். 60 ஹெர்ட்ஸ்னா ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். 144ன்னா 6.9. தம்பி சொன்ன "யோசிக்கிற" சமாச்சாரம் இது இல்ல, அது தனி. டிவி படத்த வழுவழுப்பாக்க ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல தானா ஒண்ணச் செஞ்சு சொருகுது. சொருகணும்னா அடுத்த ஃபிரேம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்ல? அந்தக் காத்திருப்புதான் உங்க தோட்டா லேட்டாகுறது. கேம் மோட் இந்த வேலையெல்லாத்தையும் நிப்பாட்டுது. பெட்டியில 1 மில்லி செகண்ட்னு போடுறது புள்ளி நிறம் மாறுற வேகம், பட்டன் அமுக்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

அளவு: மேசையில வச்சா 24 இன்ச்சுக்கு 1080பி (உயரத்துல 1080 புள்ளி) போதும். அதே 1080பிய 27ல எடுத்தா புள்ளி எண்ணலாம். 27ன்னா 1440பி, ஆனா 1650 கார்டு புது கேமுக்கு மூச்சு வாங்கும். டிவியிலதான் ஆடுவேன்னு அடம்புடிக்கிறவங்க எச்டிஎம்ஐ ஓட்டைக்கு "பிசி"ன்னு பேரு மாத்திப் பாருங்க, நெறய டிவியில எழுத்து தெளிஞ்சிரும். மானிட்டர் பேனல்ல விஏன்னு ஒரு வகை இருக்கு, அத எடுங்க, கறுப்பு நல்லா இருக்கும். கரண்டு நம்ம பக்கம் வந்து வந்து போகும், யூபிஎஸ் இல்லாம...

மண்டபம் மாப்ள

அண்ணே, எத வாங்கலாம்னு நான் கேக்கவே இல்லியே. வாங்கி மூணு வருஷமாச்சு.

தொண்டிப் பழையவன்

அடுத்தவன் படிப்பான்ல.

பட்டணங்காத்தான் அக்கா

அடுத்தவ படிச்சேன். விஏ எடுங்கன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க.

நான் மானிட்டர் பாக்கப் போனப்ப கூட என் தம்பி வந்தான், பைக் ஓட்டுறதுக்கு. கடையில இருந்தவர் அவனப் பாத்தே பேசினாரு. ஹெர்ட்ஸ் எவ்வளவுன்னு நான் கேட்டா பதில அவங்கிட்ட சொல்றாரு. "எனக்குத்தான் சார்"னேன். "அப்படியாம்மா, வெள்ளைக் கலர்ல ஒண்ணு இருக்கு"ன்னாரு.

நான் லேப்டாப்பும் கேபிளும் பையில கொண்டு போயிருந்தேன். மாட்டிப் பாக்கலாமான்னு கேட்டேன், தயங்கித்தான் விட்டாரு. 27 இன்ச் வளைவு விஏ ஒண்ணு, தள்ளுபடியில இருந்துச்சு. இருட்டுச் சுரங்கத்துல ஓடுற ஒரு கேமப் போட்டு சட்டுனு திரும்பினேன். தூணுக்குப் பின்னாடி கறுப்பா ஒரு இழுப்பு, ஈரச் சுவத்துல கரிய இழுவின மாதிரி. விலை கம்மியான விஏ பேனல்ல நெறய இப்படித்தான். கறுப்பிலேர்ந்து சாம்பலுக்கு மாற அதுக்கு நேரமாகும். பக்கத்துல 24 இன்ச் ஐபிஎஸ்ல (அது இன்னொரு பேனல் வகை) அதே கேம போட்டேன், இழுப்பு இல்ல. ஓரத்துல லேசா வெளுப்பு, அவ்வளவுதான்.

அதுக்குள்ள கடைப் பையன்க மூணு பேரு பின்னாடி வந்து நின்னுட்டாங்க. "அக்கா, இன்னொரு தடவ திரும்புங்க." ஐபிஎஸ்ஸத்தான் எடுத்தேன். பில்லு போடுறப்ப அவரு கேட்டாரு, "தம்பி பேருல போடவாம்மா?"

அதுதான் இன்னும் வயித்துல நிக்கிது.

தொண்டிப் பழையவன்

நல்ல விஏவும் இருக்கு தாயி. நீங்க பாத்தது தள்ளுபடிச் சரக்கு.

பட்டணங்காத்தான் அக்கா

தள்ளுபடிச் சரக்கத்தானே நாம வாங்குறோம்?

ராமேஸ்வரம் வலைக்காரன்

எல்லாரும் ஹெர்ட்ஸ், பேனல்னு பேசுறீங்க. உப்பப் பத்தி ஒருத்தரும் பேசல. தீவுல இருக்கிறவன் கதையக் கேளுங்க.

தடைக்காலம் 61 நாளு, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை. போட்டெல்லாம் கரையில, நாங்க அஞ்சு பேரு ரூமுல. பணம் போட்டு 27 இன்ச், 165 ஹெர்ட்ஸ் வாங்கினோம். ரூம் கடலப் பாத்த ரூம், சன்னலுக்கு நேரா மேச. கச்சான் காத்து அடிக்க ஆரம்பிச்சா சன்னல் கம்பியையே நக்கிப் பாக்கலாம், கரிக்கும். நாங்க எங்க சன்னலச் சாத்துனோம், புழுக்கம்.

மறு வருசம் படம் வெட்ட ஆரம்பிச்சுச்சு. கேபிள ஆட்டினா வரும், விட்டா போயிரும். புடுங்கிப் பாத்தா வெரல்ல பச்சையாப் பொடி. கழுவாத பித்தள வெளக்குல பூக்குமே, அதே பச்ச. உப்பு காத்து ஈரத்த இழுத்து வச்சுக்கும், கரண்டு ஓடுற பின்னுல அது சேந்தா செம்பு இப்படிப் பூத்துரும்னு போட்டு எஞ்சின் பாக்குறவர் சொன்னாரு. அவருக்குத் தெரியாததா.

போர்வையில சுத்தி பஸ்ல மடியில வச்சு பாலம் தாண்டி சர்வீஸுக்குக் கொண்டு போனேன். தொறந்து பாத்த தம்பி, "அண்ணே, இதுல தண்ணி ஊத்தியிருக்கீங்க, வாரண்டி வராது"ன்னான். நாங்க யாருமே ஊத்தலப்பான்னேன். நம்பல. "போர்டு பூரா பூத்திருக்கு, ஊத்தாமலா?"ங்குறான். கடலு ஊத்துச்சுன்னு எந்த ஃபாரத்துல எழுதுறது?

தொண்டிப் பழையவன்

சன்னலுக்கு நேரா வச்சது தப்பு. உள் சுவரோரம் வைக்கணும். ஆடி முடிச்சதும் சூடு ஆறவிட்டுத் துணி போட்டு மூடணும், பிளாஸ்டிக் வேண்டாம், உள்ள வேத்துரும். மாசக் கணக்கா சும்மா போட்டு வைக்காம அப்பப்ப ஓட்டணும், சூட்டுல ஈரம் போகும். கேபிள் மாட்டாத ஓட்டையில ரப்பர் மூடி...

ராமேஸ்வரம் வலைக்காரன்

அண்ணே, அது செத்து போச்சு.

பட்டணங்காத்தான் அக்கா

சாகல. பேனல் நல்லா இருந்தா எச்டிஎம்ஐ சாக்கெட்ட மட்டும் மாத்தலாம், போர்ட ஸ்பிரிட் வச்சுத் தொடச்சும் பாக்கலாம். என் தம்பி லேப்டாப் சாக்கெட்ட அப்படித்தான் மாத்தினோம், ராம்நாட்ல செல்போன் சர்வீஸ் பண்ற ஒருத்தர்கிட்ட. கூட்டிட்டுப் போறேன், கொண்டு வாங்க. நாளைக்கு வர முடியுமா?

ராமேஸ்வரம் வலைக்காரன்

நாளைக்குப் புதன், கடலுக்குப் போற நாள். வியாழன் மீன எறக்கிட்டு வர்றேன். அந்தக் கட எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும்?