புதுப்பிப்பு: இன்-இயர் மொனிட்டரில் இடப்பக்கம் மங்கியது – சரியாகிவிட்டது

காதுத்துளைக்குள் செருகிக் கேட்கும் விலை கூடிய என் இன்-இயர் மொனிட்டரில் இடப்பக்க ஒலி மங்கி, பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்துவிட்டது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

முதலில் கேபிளில் இடம் வலம் மாற்றிப் பொருத்தினேன். மங்கல் அந்த இடப்பக்க மொனிட்டரோடேயே நகர்ந்தது, ஆகவே கேபிளில் பிழையில்லை. புதிது வாங்கும் செலவு மிச்சம். அடுத்தது, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கும் யோசனை. காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு இரவு வைத்ததும் ஒலி திரும்பியது. முனையிலுள்ள வலையில் ஈரம் அடைத்திருக்கிறது. உப்புவெளிக் கடற்கரையில் தினமும் மாட்டிக்கொண்டு நடந்தால் வேறென்ன ஆகும்!

பேஸ் மட்டும் வரவில்லை. காதுக்குள் போகும் பகுதிக்குப் பஞ்சுபோன்ற ஃபோம் முனை போடச் சொன்ன அண்ணாவின் யோசனைதான் அதற்குக் கைகொடுத்தது. எதிர்பாராதது என்னவென்றால், என் இடக்காதுக்கு ஓர் அளவு பெரிய முனை தேவைப்பட்டது. காதுத்துளை இறுக மூடாவிட்டால் தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் கசிந்துபோகும். முன்பு மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலை மட்டும் கணீரென்று கேட்டது. இப்போது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பியின் கும்காரமும் முழுதாக இறங்குகிறது. வீணைத் தந்தியில் விரல் உரசுவதுகூடக் கேட்கிறது, அது எனக்குக் கொஞ்சம் அதிகம்.

ஃபோம் சீக்கிரம் நைந்துவிடும் என்பதால் இன்னொரு சோடிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.