'காலி' என்று எழுதினால் போதுமா?

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். சரக்கை இறக்கிய பின் சுத்தம் செய்யாத கலனை 'எம்ப்டி அன்கிளீன்ட்' என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது உங்களில் ஒருவர் கேட்டது:

> 'எம்ப்டி அன்கிளீன்ட்' என்பதற்குக் 'காலி' போதுமே. ஏன் நீட்ட வேண்டும்?

போதாது என்பதுதான் என் கட்சி. மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள பட்டர்வொர்த்தில் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் கப்பல் சரக்குக்குப் பத்திரம் அடிப்பது என் பிழைப்பு. கெமிக்கல் வந்த ஐசோ டேங்க், அதாவது கப்பலில் ஏற்றும் கன்டெய்னர் தொட்டி, திரும்பிப் போகும்போது அதற்கும் பத்திரம் உண்டு. கடல்வழி அபாயச் சரக்கு விதிப்படி, சரக்கின் பெயரோடு 'எம்ப்டி அன்கிளீன்ட்' என்றோ 'ரெசிடியூ லாஸ்ட் கன்டெயின்ட்' என்றோ அதில் குறிக்க வேண்டும். சுத்தம் செய்து ஆவி போக்கும்வரை பக்கவாட்டில் இருக்கும் சாய்சதுர அபாயக்குறிப் பலகையை உரிக்கவும் கூடாது.

யார்டில் இதைத் தமிழில் சொல்லப் போனால்தான் வம்பு. "அண்ணே, தேங்கி கோசோங்" என்பார் டிரைவர், மலாயில் காலித் தொட்டி. கோசோங் என்றாலும் காலி என்றாலும் காதில் விழுவது ஒன்றுதான்: உள்ளே ஒன்றுமில்லை, பயமில்லை. பெட்ரோலுக்கோ பயமே அப்போதுதான் தொடங்குகிறது. பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.4 முதல் 7.6 பங்குவரை இருந்தால்தான் பற்றும். நிறைந்த தொட்டியின் மேல்வெளியில் ஆவி அதைவிட அடர்ந்து கிடக்கும். வடித்துவிட்டால் காற்று உள்ளே புகும். எங்காவது கணக்குச் சரியாக அமைந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

என் தாமானில், அதாவது குடியிருப்பில், பக்கத்து வீட்டுக்காரர் காலிப் பெயின்ட் தின்னர் தோங்கை (டிரம்மை) அடுப்பாக்கலாம் என்று கிரைண்டரால் அறுத்தார். மூடி பறந்து எங்கள் கார் நிறுத்தும் இடத்துக் கூரையில் விழுந்தது. அவருக்குப் புருவம் மட்டும் போனது. "ஒன்னுமில்லாத தோங்குதானே தம்பி" என்று மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

குழுவில் இதுவரை வந்த சொற்களில் 'வெற்றுக்கலன்', காலிக்கு வேட்டி கட்டிவிட்டது போல, பொருள் மாறவில்லை. 'ஆவித்தொட்டி' பொருளுக்குச் சரி, ஆனால் யார்டில் சொன்னால் பேய்க்கதையாகிவிடும், நைட் ஷிஃப்டுக்கு ஆள் வராது. 'வடிதொட்டி' எனக்கு ஆசைதான். வினைத்தொகை, வடிந்தது, வடிகிறது, வடியும் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் வடிகாலோடு குழப்பிக்கொள்வார்கள்.

நான் முன்வைப்பது 'கழுவாக் காலி'. செல்லாக் காசு, ஆறாப் புண் மாதிரி. "பால் சட்டி காலியா, கழுவினதா?" என்று வீட்டில் அம்மா கேட்பதில்லையா? கழுவாத சட்டியில் புதுப்பால் ஊற்றினால் திரிந்துவிடும் என்று தெரிந்தவருக்கு மீதியை விளக்குவது சுலபம். பெட்ரோல் இறக்கிய தொட்டியில் டீசல் ஏற்றும்போதும் வம்பு அப்படித்தான் வருகிறது: டீசல் அந்த ஆவியை உறிஞ்சிக்கொள்ள, மிஞ்சிய ஆவியும் காற்றும் பற்றும் அளவுக்கு வந்து நிற்கும், எண்ணெய் பாயும் வேகத்தில் எழும் நிலைமின்சாரம் பொறியாகும்.

பட்டர்வொர்த்திலிருந்து

---

> நான் முன்வைப்பது 'கழுவாக் காலி'

சொல் காதுக்கு நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் எல்பிஜி, அமோனியா ஏற்றிய தொட்டியை யாரும் வீட்டுச் சட்டி போலக் கழுவிக் கவிழ்ப்பதில்லை. பெரும்பாலும் நைட்ரஜனை விட்டு உள்ளிருக்கும் வாயுவைத் தள்ளுவார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம். தண்ணீர் ஆகாத 4.3 வகுப்புச் சரக்கை என்ன செய்வது? டிரைகுளோரோசிலேன் போன்றது, தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவை விடும். 'கழுவா' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அதுதானே பாக்கி என்று புது ஆள் ஒருவர் ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்தால்? சொல்லே ஆளைத் தூக்கிவிடும்.

கோலாலம்பூரிலிருந்து

---

> சொல்லே ஆளைத் தூக்கிவிடும்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. கழுவாக் காலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நேற்று இரவு முழுக்க இதே நினைப்பு. விதியிலுள்ள இரண்டாவது தொடர், 'ரெசிடியூ லாஸ்ட் கன்டெயின்ட்', அதாவது கடைசியாக இருந்ததன் மிச்சம், எதைக் கழுவுவது, எதைக் கழுவக் கூடாது என்ற பேச்சுக்கே போகவில்லை. உள்ளே கடைசியாக இருந்தது எது என்று மட்டும் சொல்கிறது. அதன் வழியே போனால் 'மிச்சத் தொட்டி'. 'காலி' என்ற சொல்லே வேண்டாம். பத்திரத்தில் 'மிச்சத் தொட்டி. கடைசிச் சரக்கு: பெட்ரோல், ஐநா எண் 1203' என்று வரும். அபாயச் சரக்குகளுக்கு ஐநா தரும் எண் அது. சின்ன டிரம், தோங்கு என்றால் 'மிச்சத் தோங்கு'. புலவர்கள் 'எச்சம்' என்பார்கள். வேண்டாம், யார்டில் ஏற்கெனவே புறாத் தொல்லை.

இன்று காலை சோதித்துப் பார்த்தேன். தீவில் எண்ணெய் இறக்கிவிட்டுப் பாலம் வழியாக வந்த டிரைவர் கேட்டருகே வண்டியை நிறுத்தி, வழக்கம்போல "கோசோங்ணே" என்றார்.

"கோசோங் இல்ல, மிச்சம்" என்றேன்.

"மிச்சமா? என்ன மிச்சம்?" என்று திரும்பி, வண்டியின் பின்னால் எழுதியிருந்த 1203-ஐப் பார்த்தார். காதில் செருகியிருந்த சிகரெட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கட்கிழமை யார்டு அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து