டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றும்போது பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே கொடுக்கலாமா?

மாயவரம்_வயலின்:
வணக்கம். நானே இசையமைத்த மூன்று பாட்டுகளை ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தருபவர்) வழியாகத் தனித்தனி சிங்கிளாக விட்டிருந்தேன். இப்போது அவற்றோடு இரண்டு புதுப் பாட்டுகளையும் சேர்த்து வேறொரு டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் ஈபியாக (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு தொகுப்பாக) வெளியிடப் போகிறேன். படிவத்தில் ஐஎஸ்ஆர்சி, யுபிசி இரண்டும் கேட்கிறார்கள், காலியாக விட்டால் அவர்களே தருவார்களாம். அப்படி விட்டால் பழைய ஸ்ட்ரீம் எண்ணிக்கை போய்விடுமா? மூன்றில் ஒன்றை மறுபடி மிக்ஸ் செய்திருக்கிறேன், அதற்கு எந்த எண்?

ட்ராக்_எண்_7:
மாற்றாத இரண்டு பழைய பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சியைத் தயவுசெய்து காலியாக விடாதீர்கள், பழைய எண்ணையே கொடுங்கள். அது அந்த ஒலிப்பதிவுக்கு உரிய எண், டிஸ்ட்ரிபியூட்டருக்கு உரியது இல்லை. 12 எழுத்து, எண்கள் இருக்கும்: முதல் ஐந்து யார் வழங்கியது என்பதைக் காட்டும், அடுத்த இரண்டு எண் கொடுத்த ஆண்டு (2023 என்றால் 23), கடைசி ஐந்து வரிசை எண். அதே பதிவு சிங்கிளில் வந்தாலும் ஈபியில் வந்தாலும், பத்து வருடம் கழித்து ஏதாவது தொகுப்பில் வந்தாலும், எண் மாறக்கூடாது. புது எண் விழுந்தால் தளங்களுக்கு அது வேறு பாட்டு, எண்ணிக்கையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

மறுபடி மிக்ஸ் செய்ததற்குக் கண்டிப்பாகப் புது எண். லைவ், அகூஸ்டிக், கரோக்கி எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

யுபிசி வேறு சமாச்சாரம். அது மொத்த வெளியீட்டுக்கான பார்கோடு, அதனால் ஈபிக்குப் புதிதாக ஒன்று வேண்டும். அதை அவர்களையே தரச் சொல்லலாம்.

அப்புறம், புது வெளியீடு எல்லாத் தளத்திலும் ஏறி, பழைய எண்ணிக்கை அதில் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை எடுக்கச் சொல்லுங்கள். பாட்டின் பெயர், கலைஞர் பெயர், ஒலிக்கோப்பு மூன்றும் முன்பு கொடுத்தது போலவே இருக்கட்டும், எழுத்துக்கூட்டல்கூட மாற வேண்டாம்.

சீலோன்_ரெக்கார்ட்ஸ்:
மேலே சொன்னது சரி. நான் சேர்க்க நினைப்பது, ஐஎஸ்ஆர்சி இருப்பதாலேயே பதிப்புரிமை உங்களுடையது என்று ஆகாது, அது வெறும் அடையாளம். மெட்டுக்கும் வரிக்கும் ஐஎஸ்டபிள்யூசி என்று தனி எண் உண்டு. 'டி' எழுத்தில் தொடங்கும், இந்தியாவில் ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம்) வழியாகப் பதிய வேண்டும். ஒரே பாடலை நாலு பேர் பாடிப் பதிந்தால் ஐஎஸ்ஆர்சி நாலு, ஐஎஸ்டபிள்யூசி ஒன்றுதான். பாட்டு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ராயல்டி சரியாக அவர்கள் கைக்கு வர அது உதவும்.

மாயவரம்_வயலின்:
ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். கச்சேரியில் விற்கக் கொஞ்சம் சிடியும் அடிக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கும் அதே யுபிசி போதுமா?

ட்ராக்_எண்_7:
போதாது. டிஜிட்டலுக்கு ஒன்று, சிடிக்கு ஒன்று, வினைல் போட்டால் அதற்கும் தனியாக ஒன்று. கச்சேரி வாசலில் மட்டும் விற்பதென்றால் பார்கோடே தேவையில்லை. கடைக்குப் போவதென்றால் பார்கோடு எண் வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவில் பதிந்து வாங்குங்கள், அந்த எண் 890 என்று தொடங்கும். பார்கோடு இல்லாவிட்டாலும், மாஸ்டர் செய்பவரிடம் சிடியின் ஒவ்வொரு டிராக்கிலும் ஐஎஸ்ஆர்சியைப் பதியச் சொல்லுங்கள், அதற்கு அதில் இடம் இருக்கிறது.

இன்னொன்று, எண்களை எக்செல்லில் வைத்தால் அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு ஒட்டுங்கள். யுபிசி 0-வில் தொடங்கினால் அது முன்னால் இருக்கும் 0-வைத் தின்றுவிடும், அப்புறம் படிவம் ஏற்காது.