ஆத்தோர சரளைப் பாதைக்கு எந்த டயர் போடலாம்?

மக்களே ஒரு டவுட்டு. இப்போல்லாம் வண்டியே வராத ஆத்தோரப் பாதைலதான் சைக்கிள் ஓட்றேன், ஹாரன் கிடையாது, பின்னாடி லாரி வருதான்னு திரும்பிப் பாக்க வேணாம், அந்த நிம்மதிக்காகவே ரோட்டுப் பக்கம் போறத விட்டாச்சு. ஆனா பாதை பூரா சரளைக்கல்லு, நடுநடுவுல வரிசையா சின்னச் சின்ன மேடு வேற, 32 எம்எம் டயர்ல போனா ஹேண்டில்பார் அதிர்ற அதிர்வுல சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிடுது. காத்தக் கம்மி பண்ணா சொகுசாத்தான் இருக்கு, ஆனா கல்லுல இடிச்சா ட்யூப் ரிம்முல நசுங்கி பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை!

அதான் 40 எம்எம் டியூப்லெஸ்ஸுக்கு மாறலாம்னு இருக்கேன். ஃபிரேம்ல இடம் இருக்கு, ஆனா மழை பேஞ்சா ஆத்து வண்டல் டயர்ல அப்பிக்கிட்டு, முன் சக்கரத்தப் புடிச்சிருக்கற ஃபோர்க்ல உரசுமே, அதுக்கு எவ்ளோ கேப் விடணும்? 70 கிலோ ஆளுக்கு முன்னாடி பின்னாடி எத்தன பிஎஸ்ஐ காத்து வெக்கலாம்? நடுவுல வழுவழுன்னு ஓரத்துல மட்டும் பட்டன் மாதிரி ரப்பர் மொட்டு இருக்கற டயர் போதுமா? டயருக்குள்ள ஓட்டைய அடைக்கற சீலன்ட் திரவம் எப்பெப்போ ஊத்தணும்? சஸ்பென்ஷன் ஃபோர்க் வாங்குன்னு மட்டும் சொல்லிடாதீங்கப்பா, வெயிட்டு ஏறிடும். ஈரச் சரளைல ஓட்டிப் பாத்தவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.