அகோனிஸ்ட்டுக்கு எதிரி யார்? வகுப்புத் தாள் குறித்து ஒரு விவாதம்

தக்கலை வாசகர்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கும் நர்சிங் முதல் வருடப் பிள்ளைகளுக்கும் எங்கள் வாசகர் வட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கிறோம். அடுத்த வகுப்புக்கு ஒரு பக்கத் தாள் எழுதியிருக்கிறேன். அதில் முக்கியமான பத்தி இது:

"தசையிலும் மருந்திலும் நாடகத்திலும் அகோனிஸ்ட் என்பது ஒன்றுதான்: வேலையைச் செய்கிறவர். அதற்கு நேர்மாறான வேலையைச் செய்து தடுப்பவர் ஆன்ட்டகோனிஸ்ட். முழங்கையை மடக்கும் பைசெப்ஸ், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால், கதையின் நாயகன் ஆகிய மூன்றும் ஒரு வரிசை. முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ், இரத்த அழுத்த மாத்திரையான புரோப்ரனலால், வில்லன் எதிர் வரிசை."

கிரேக்கத்தில் அகோன் என்றால் போட்டி. மூன்று துறைக்கும் வேர் அதுதான். அச்சுக்குப் போகும் முன் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

கருங்கல் பார்மசி

சார், "நேர்மாறான வேலையைச் செய்து" என்பதை எடுத்துவிடுங்கள். மருந்தியலில் ஆன்ட்டகோனிஸ்ட் எந்த வேலையும் செய்வதில்லை, அதுதான் அதன் அடையாளமே.

செல்லின் மேல் ரிசெப்டர் இருக்கிறது, மருந்தோ உடம்பில் சுரக்கும் பொருளோ வந்து ஒட்டுகிற இடம். ஒரு மருந்து அதில் போய் ஒட்டுவது ஒரு திறன், ஒட்டிய பிறகு அதைத் தூண்டிவிடுவது இன்னொரு திறன். சால்புட்டமாலுக்கு இரண்டும் உண்டு. புரோப்ரனலாலுக்கு முதலாவது மட்டும்தான். மார்த்தாண்டத்தில் நாகர்கோவில் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்களே, அந்தத் துண்டு மாதிரி. துண்டு எங்கேயும் பயணம் போகவில்லை. வேறு யாரும் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

சும்மா படுத்திருக்கிற ஆரோக்கியமான ஆளுக்கு புரோப்ரனலால் கொடுத்தால் நாடித்துடிப்பு பெரிதாகக் குறையாது. அதே ஆளை மாடிப்படி ஏறி ஓட விடுங்கள், அப்போதுதான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஓடும்போது சுரந்து நாடியை வேகப்படுத்துவது அட்ரினலின். தடுப்பதற்கு அது வந்தால்தானே தடுப்பு தெரியும்?

தக்கலை வாசகர்

அப்படியென்றால் ஆஸ்துமாக்காரருக்கு புரோப்ரனலால் கொடுக்கவே கூடாது என்று ஏன் சொல்கிறார்கள்? மூச்சுக்குழாய் சுருங்கிவிடுகிறது. சால்புட்டமால் விரிக்கிறது, இது சுருக்குகிறது. நேர்மாறு இல்லாமல் இது என்ன?

கருங்கல் பார்மசி

சுருங்குகிறது, ஆனால் சுருக்குவது புரோப்ரனலால் இல்லை. வேகஸ் நரம்பின் முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் ஏற்கனவே குழாயை இறுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஈடு கொடுத்துக் குழாயைத் திறந்து வைத்திருந்தது இரத்தத்தில் ஓடும் அட்ரினலின். அது உட்கார வேண்டிய இடத்தை புரோப்ரனலால் பிடித்ததும், இறுக்குகிறவனுக்கு எதிர்ப்பு இல்லாமல் போகிறது. ஆஸ்துமா இல்லாதவருக்கு அந்த இறுக்கம் அவ்வளவாக இல்லை. அதனால்தான் அவருக்கு அதே மாத்திரை பெரும்பாலும் மூச்சைத் தொடுவதில்லை.

இது வெறும் சொல் சண்டை என்று நினைக்காதீர்கள். வாழைக்கு அடிக்கிற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உடம்புக்குள் போனால் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி முடங்கும், அசிட்டைல்கோலின் குவியும். மருத்துவமனையில் அட்ரோபின் போடுகிறார்கள். வாயில் நுரை, நெஞ்சில் சளி, குறைந்த நாடி, எல்லாம் சரியாகிக்கொண்டு வரும். உங்கள் தாளைப் படித்த நர்ஸ் பிள்ளை "அட்ரோபின் விஷத்தை முறித்துவிட்டது" என்று நினைப்பாள். முறிக்கவில்லை. சுரப்பி, இதயம், மூச்சுக்குழாய் போன்ற இடங்களில் அசிட்டைல்கோலின் ஒட்டும் மஸ்கரினிக் ரிசெப்டர்களை மட்டும் மறைத்து நிற்கிறது. எலும்புத் தசையில் இருப்பது வேறு ரிசெப்டர், அங்கே அட்ரோபினுக்கு வேலையே இல்லை. சளி குறைந்த நோயாளி மூச்சுத் தசை தளர்ந்து மூச்சு நின்று போகலாம். அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவள் அந்தப் பிள்ளைதான்.

குழித்துறை பிசியோ

பார்மசி அக்கா சொன்னது சரி. ஆனால் தசை வரியையும் சும்மா விட முடியாது.

ரப்பர் தோட்டத்தில் பால் நிறைந்த வாளியை ஒருவர் கையை மடக்கி மார்பளவு தூக்குகிறார். பைசெப்ஸ், அதன் கீழே பிரேக்கியாலிஸ் இரண்டும் வேலை செய்கின்றன. சரி. இப்போது சிந்தாமல் மெல்லக் கீழே இறக்குகிறார். முழங்கை நீள்கிறது. எந்தத் தசை வேலை செய்கிறது?

வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் டிரைசெப்ஸ் என்றுதான் பதில் வரும். இல்லை, அப்போதும் பைசெப்ஸ் பக்கம்தான். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. டிரைசெப்ஸ் கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது, கையை நீட்டுவது வாளியின் எடை. அதனால் அகோனிஸ்ட் என்பது ஒரு தசைக்கு நிரந்தரமாக வைத்த பெயர் கிடையாது. அந்த நேரத்து வேலையைப் பொறுத்து மாறும் பொறுப்பு. சுவரைத் தள்ளும்போது டிரைசெப்ஸ்தான் அகோனிஸ்ட். உங்கள் இரண்டு வரிசைப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

இன்னொன்று. பைசெப்ஸ் சுருங்கும்போது டிரைசெப்ஸுக்குப் போகும் நரம்புத் தூண்டலைத் தண்டுவடமே குறைத்துவிடும். ஷெரிங்டன் ஆராய்ந்து காட்டிய விஷயம். நரம்பு செல்கள் பற்றிய வேலைக்காக 1932ல் நோபல் வாங்கியவர். "எதிராளி" என்கிறீர்களே, அந்த எதிராளி பாதி நேரம் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறான்.

அடிமுறை மாணவன்

மக்கா, இதை எங்கள் ஆசான் புத்தகம் இல்லாமலே சொல்லித் தருவார். அடிமுறைச் சண்டை பழகப் புதிதாகக் களரிக்கு வருகிற பையன் குத்து விடும்போது கை கட்டை போல விறைக்கும். மடக்குகிற தசையும் நீட்டுகிற தசையும் ஒன்றாக இறுகுவதால் வேகம் வராது. பழகப் பழகத்தான் ஒன்று இளகும். அதனால் பிசியோ அண்ணன் கட்சி நான். ஆனால் ஒரு சந்தேகம். குத்து முடிகிற இடத்தில் பின்பக்கம் ஏதோ பிடித்து நிறுத்துகிற மாதிரி தெரிகிறதே?

குழித்துறை பிசியோ

அது பைசெப்ஸ்தான் தம்பி. வேகமான அசைவில் முதலில் அகோனிஸ்ட் வெடிக்கும், அடுத்து ஆன்ட்டகோனிஸ்ட் பிரேக் போடும், கடைசியில் அகோனிஸ்ட் இன்னொரு முறை லேசாகத் தலையிட்டுக் கையை நிலைநிறுத்தும். அந்த பிரேக் இல்லாவிட்டால் உன் முழங்கை மூட்டு என்றைக்கோ கெட்டிருக்கும். இந்த வில்லன் இல்லாமல் நாயகனால் ஒரு குத்தும் ஒழுங்காக விட முடியாது.

சுசீந்திரம் தமிழாசிரியை

வில்லன் என்ற பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். நாடக வரிதான் இந்தத் தாளில் ரொம்ப மோசம்.

நாடகத்தில் நாயகனுக்கு வழங்கும் சொல் புரோட்டகோனிஸ்ட். கிரேக்க மேடையில் அதற்கு முதல் நடிகர் என்றுதான் பொருள், நல்லவர் என்று கிடையாது. நாடகாசிரியர்களில் எஸ்கிலஸ் இரண்டாவது நடிகரைக் கொண்டுவந்தார், சோஃபக்ளீஸ் மூன்றாவது நடிகரை, என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். முகமூடியை மாற்றி மாற்றி ஒரே ஆள் பல பாத்திரம் நடிப்பார். நாயகன், வில்லன் என்று பார்ப்பது நமக்கு சினிமா பழக்கியது.

ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1671ல் வெளியிட்ட 'சாம்சன் அகோனிஸ்டஸ்' தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்திருக்கிறார். நம் மாவட்டத்தில் ஞாயிறு பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் சிம்சோன் கதை தெரியும். கண் பிடுங்கப்பட்டு, காசாவில் மாவாட்டும் அடிமை. மில்டனில் அவன் பெரும்பாலும் உட்கார்ந்து பேசுகிறான். அவனைக் காட்டிக்கொடுத்த தெலீலாள் வருகிறாள், போகிறாள். ஹராஃபா என்ற ராட்சதன் வந்து வாய்ச்சவடால் அடித்துவிட்டு மல்லுக்கு நிற்காமல் போகிறான். கடைசியில் அவன் எதிரிகள் மேல் கட்டடத்தை இடித்துத் தள்ளுவதைக்கூட ஓடிவந்த ஒருவன் சொல்லித்தான் நாம் கேட்கிறோம். நம் கண் முன்னே செய்வதற்கு ஏதும் இல்லாத ஒருவனைத்தான் மில்டன் அகோனிஸ்டஸ் என்கிறார். உங்கள் "வேலையைச் செய்கிறவர்" அங்கே எப்படிப் பொருந்தும்? அவன் போராடுகிறவன், அதுவும் முக்கால்வாசி தனக்குள்ளே.

தக்கலை வாசகர்

டீச்சர், நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். போராட்டம், போட்டி. மருந்தும் ரிசெப்டருக்காகப் போட்டி போடுகிறது. "செய்கிறவர்" என்பதை "போட்டியிடுகிறவர்" என்று மாற்றினால் மூன்றும் ஒரே குடும்பம்தானே? ஒரு பக்கத்தில் மூன்று விளக்கம் கொடுத்தால் பிள்ளைகள் ஒன்றையும் நினைவில் வைக்க மாட்டார்கள்.

கருங்கல் பார்மசி

போட்டி எல்லா இடத்திலும் இல்லை சார். புரோப்ரனலால் போட்டி போடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். எதிரே அகோனிஸ்ட்டைக் கூட்டிக்கொண்டே போனால் அதை வெல்லலாம். பீனாக்ஸிபென்சமின் என்று இன்னொரு தடுப்பு மருந்து உண்டு, அது ரிசெப்டரில் ஒட்டினால் விடவே விடாது. அங்கே எவ்வளவு அட்ரினலின் கொட்டினாலும் அந்த ரிசெப்டர் போனது போனதுதான். அதில் போட்டி எங்கே இருக்கிறது?

அப்புறம், உங்கள் இரண்டு வரிசையில் ஓபியம் வகை வலி மருந்தான புப்ரெனார்ஃபினை எங்கே எழுதுவீர்கள்? தனியாகக் கொடுத்தால் வலியைக் குறைக்கும், அகோனிஸ்ட். ஹெராயினுக்கு அடிமையாகி, அது இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறவருக்குக் கொடுத்தால், ஹெராயினைத் தள்ளிவிட்டு அதைவிடக் குறைவாகத் தூண்டும். ஆள் நடுங்கி, வியர்த்து, வாந்தியெடுப்பார். அதே மருந்து, அதே ரிசெப்டர், ஆனால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆன்ட்டகோனிஸ்ட் போல நடந்துகொள்கிறது. பார்ஷியல் அகோனிஸ்ட், அதாவது அரைகுறையாகத் தூண்டுவது, என்கிறோம்.

நீங்கள் தேடும் "நேர்மாறான வேலை" மருந்தியலிலும் உண்டு. அதற்குப் பெயர் இன்வர்ஸ் அகோனிஸ்ட். சில ரிசெப்டர்கள் யாரும் தொடாமலே கொஞ்சம் வேலை செய்துகொண்டிருக்கும், இது அதையும் அணைத்துவிடும். தும்மலுக்கு என் கடையில் தினமும் கேட்டு வாங்குகிற செட்ரிசின் அந்த வகைதான். அட்டையில் ஆன்ட்டிஹிஸ்டமின் என்று இருக்கும்.

சுசீந்திரம் தமிழாசிரியை

புப்ரெனார்ஃபின் மாதிரி ஒரு பாத்திரம் கிடைத்தால் நான் ஒரு நாவலே எழுதுவேன்.

குழித்துறை பிசியோ

வரிசையை விட்டுவிட்டு ஒரே கேள்வி வைக்கலாம் சார்: "எதிர்ப்பது எப்படி எதிர்க்கிறது?" தசையில் எதிர்த்திசையில் இழுத்து, மருந்தில் இடத்தைப் பிடித்து, நாடகத்தில் டீச்சர் சொன்னபடி. அகோனிஸ்ட்டை விளக்குவது எளிது. குழப்பமெல்லாம் எதிர்ப் பக்கத்தில்தான்.

தக்கலை வாசகர்

அந்தக் கேள்வியைத் தலைப்பாக வைக்கிறேன். ஆனால் முதல் வரிசை அப்படியே இருக்கும். பைசெப்ஸும் சால்புட்டமாலும் சிம்சோனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எதிர் வரிசையில் மருந்துக்கு இடம் விட்டு வைக்கிறேன், நீங்களே வகுப்புக்கு வந்து சொல்லுங்கள் அக்கா.

கருங்கல் பார்மசி

ஞாயிறு மத்தியானம் வரை கடை உண்டு. மூன்று மணிக்கு மேல் வருகிறேன். புரோப்ரனலாலுக்குக் கீழே "சுருக்குகிறது" என்று பேனாவால்கூட எழுதி வைத்திருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.